புனைவில் கிறித்தவக் குருக்கள்

நாவல், சிறுகதை, திரைப்படம், தொலைக்காட்சித் தொடர் ஆகியவற்றில் அடிக்கடி இடம்பெறும் கதைமாந்தர்களுள் கிறித்தவக் குருவும் ஒருவர். தமிழில் இவர் பாதிரியார், சாமியார், பங்குத்தந்தை, அருட்தந்தை எனப் பல பெயர்களில் குறிக்கப்படுகிறார். சீர்திருத்த சபைகளில் போதகர், ஆயர் என்ற சொற்கள் வழங்குகின்றன. உலகப் புனைவில் வரும் குருக்களைத் தூயவர், துப்பறிபவர், வழுவியவர், ஐயுறுபவர் என வகைப்படுத்துவது வழக்கம். எனினும், சிறந்த படைப்புகளில் இவ்வகைகள் அனைத்துக்கும் அடியில் ஒரே கேள்வி உள்ளது. குருப்பட்டம் என்னும் பணிக்கும் அதைச் சுமக்கும் மனிதனுக்கும் இடையிலான தூரம் எவ்வளவு என்பதே அது. இத்தூரத்தைக் காட்டும் படைப்புகள் நிலைத்துள்ளன. அதை மறைத்தவை வெறும் அங்கியை மட்டுமே காட்டியுள்ளன.

பின்புலம்

நான்காம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்காவில் தொனாத்தியர் என்ற பிரிவினர் ஒரு விவாதத்தை எழுப்பினர். துன்புறுத்தலின்போது நம்பிக்கையைக் கைவிட்ட குருக்கள் நிறைவேற்றும் அருளடையாளங்கள் செல்லாதவை என்பது அவர்கள் வாதம். புனித அகுஸ்தீன் இதை மறுத்தார். அருளடையாளத்தின் ஆற்றல் கிறித்துவிடமிருந்து வருவது, குருவின் ஒழுக்கத்திலிருந்து வருவதன்று என்றார். கல்வாய்க்காலின் வழியே தோட்டத்துக்கு நீர் பாய்கிறது. வாய்க்கால் எதையும் விளைவிப்பதில்லை, ஆனால் தோட்டம் விளைகிறது. அகுஸ்தீன் காட்டிய உவமை இது. கத்தோலிக்கத் திருச்சபையின் போதனை இவ்வழியே அமைந்தது.

1215இல் கூடிய நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம் ஆண்டுக்கு ஒருமுறையேனும் பாவசங்கீர்த்தனம் செய்வதைக் கடமையாக்கியது. அங்கு கேட்டதை வெளியிடும் குருவுக்குக் கடும் தண்டனையையும் விதித்தது. இவ்விரு கூறுகளும் புனைகதைக்குப் பெரிதும் பயன்பட்டன. தகுதியற்றவனின் கையிலும் செல்லுபடியாகும் பணி ஒன்று. எல்லாம் தெரிந்தும் எதையும் சொல்ல முடியாத செவி மற்றொன்று. உள்முரண் கொண்ட ஒரு கதைமாந்தரை உருவாக்க எழுத்தாளருக்கு வேறொன்றும் தேவைப்படவில்லை.

நல்லவரின் சிக்கல்: மிரியேல் ஆயர்

விக்டர் ஹ்யூகோவின் 'லே மிசரபிள்' (1862) நாவலில் வரும் மிரியேல் ஆயர், புனைவில் உள்ள நல்ல குருக்களுள் மிகவும் அறியப்பட்டவர். 19 ஆண்டு சிறையிலிருந்து மீண்ட ஜான் வால்ஜான் ஆயர் இல்லத்து வெள்ளிப் பாத்திரங்களைத் திருடுகிறான். காவலர் பிடித்து வரும்போது, அவை தாம் கொடுத்தவை எனக் கூறும் ஆயர், மெழுகுதிரித் தண்டுகளையும் சேர்த்துக் கொடுக்கிறார். பலரும் நினைவில் வைத்திருப்பது இக்காட்சியை மட்டுமே.

இலக்கிய நோக்கில் இதைவிட முக்கியமானது வேறொரு காட்சி. பிரெஞ்சுப் புரட்சியின் தேசியப் பேரவையில் உறுப்பினராக இருந்த முதியவர் ஒருவர் சாகக் கிடக்கிறார். ஊரார் அவரை வெறுக்கின்றனர். ஆயரும் உள்ளூர வெறுப்புடனேயே அவரைக் காணச் செல்கிறார். உரையாடலின் முடிவில், ஆசி வழங்க வந்த ஆயர் மண்டியிட்டு அம்முதியவரிடம் ஆசி கேட்கிறார். தம்மிடமுள்ள வெறுப்பைக் கண்டுகொள்ளும் இடத்தில்தான் மிரியேல் முழு மனிதராகிறார். இது இல்லாவிட்டால் அவர் மேடையில் வைத்த சுரூபமாகவே நின்றிருப்பார்.

தீமையை அறிந்தவர்: பிரவுன் பாதிரியார்

ஜி. கே. செஸ்டர்டன் படைத்த பிரவுன் பாதிரியார், துப்பறியும் கதைகளில் வரும் குருக்களின் முன்னோடி. முதல் கதை 1910இலும் முதல் தொகுப்பு 1911இலும் வெளிவந்தன. ஜான் ஓ'கானர் என்ற கத்தோலிக்கக் குருவே இப்பாத்திரத்துக்குத் தூண்டுதல். உலகம் அறியாதவர் எனப் பிறர் கருதிய அக்குருவுக்கு, மனிதத் தீமை குறித்துத் தம்மைவிட அதிகம் தெரிந்திருந்தது செஸ்டர்டனை வியப்பில் ஆழ்த்தியது.

குட்டையான உருவமும் குடையும் கொண்ட பிரவுன், கால்தடங்களைவிட மனங்களையே ஆராய்கிறார். பாவசங்கீர்த்தனம் கேட்டுக் கேட்டு அவர் பெற்ற அறிவு அது. குற்றவாளியின் இடத்தில் தம்மை வைத்துப் பார்த்து, தாமும் அதைச் செய்யக்கூடியவரே என்று உணர்ந்த பின்பே அவர் விடை காண்கிறார். முதல் கதையில் குருவேடமிட்ட திருடன் ஃபிளாம்போ, பகுத்தறிவை இழித்துப் பேசியதாலேயே அவரிடம் சிக்குகிறான். பகுத்தறிவைத் தாக்குவது சரியான இறையியல் அன்று என்பது பிரவுனின் விளக்கம். 2013இல் தொடங்கிய பிபிசி தொடர் இவரைத் தொலைக்காட்சிப் பார்வையாளரிடம் பரவலாகக் கொண்டுசென்றது.

சொல்லப்படாத இரகசியம்

நத்தானியல் ஹாதார்னின் 'தி ஸ்கார்லெட் லெட்டர்' (1850) நாவலில் வரும் ஆர்தர் டிம்மெஸ்டேல் சீர்திருத்த சபைப் போதகர். மணவுறவுக்கு வெளியே அவருக்கு ஒரு குழந்தை உண்டு. குழந்தையின் தாய் ஹெஸ்டர் ஊரறியத் தண்டனை ஏற்கிறாள். அவரோ ஏழு ஆண்டுகள் பிரசங்கமேடையில் நின்று ஊராரின் போற்றுதலைப் பெறுகிறார். தூய்மைவாதிகளின் பாஸ்டனில் பாவசங்கீர்த்தனப் பெட்டி இல்லை. எனவே அவருக்குத் தனியறையின் வேதனை அல்லது ஊர் நடுவே தண்டனை மேடை என்ற இரண்டே இடங்கள் எஞ்சுகின்றன.

ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கின் 'ஐ கன்ஃபெஸ்' (1953) திரைப்படம் இதற்கு நேர்மாறானது. கியூபெக் நகரக் குரு லோகனிடம், ஆலயப் பணியாளன் தான் செய்த கொலையைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்கிறான். பழி குருவின் மேல் விழுகிறது. உண்மையைச் சொன்னால் அவர் தப்பலாம். ஆனால் சொன்னால் அவர் குருவாக இருக்க முடியாது. டிம்மெஸ்டேலை அழிப்பது தம் இரகசியம், லோகனை நெருக்குவது பிறரின் இரகசியம். ஒருவருடைய மௌனம் கோழைத்தனம், மற்றவருடைய மௌனம் கடமை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும் என்பதுதான் இப்படைப்புகளின் கூர்மை.

வழுவிய குரு: கிரீனின் பெயரில்லாத பாதிரியார்

கிரஹாம் கிரீனின் 'தி பவர் அண்ட் தி குளோரி' (1940) இப்பொருளில் எழுதப்பட்ட நாவல்களுள் முதன்மையானது. மெக்சிகோவின் தபாஸ்கோ மாநிலத்தில் ஆளுநர் தோமாஸ் கரீதோ கனபால் ஆட்சியில் ஆலயங்கள் மூடப்பட்டன, குருக்கள் திருமணம் செய்துகொள்ள வற்புறுத்தப்பட்டனர். 1938இல் மெக்சிகோவில் பயணம் செய்த கிரீன் இப்பின்னணியில் நாவலை அமைத்தார்.

தப்பியலையும் கடைசிக் குருவுக்கு நாவலில் பெயரில்லை. அவர் குடிப்பவர், ஒரு பெண் குழந்தைக்குத் தந்தை. அவரைத் துரத்தும் காவல் அதிகாரியோ ஒழுக்கம் மிக்கவர், ஏழைகள்மேல் அக்கறை உள்ளவர். நல்லவன் யார், கெட்டவன் யார் என்ற எளிய கணக்கை நாவல் தொடக்கத்திலேயே குலைத்துவிடுகிறது. எல்லை தாண்டித் தப்பிய பின்னரும், சாகக் கிடக்கும் ஒரு குற்றவாளி பாவசங்கீர்த்தனம் கேட்பதாகச் செய்தி வருகிறது. அது பொறி என்று தெரிந்தே குரு திரும்பிச் செல்கிறார். சாகக் கிடப்பவனோ பாவங்களைச் சொல்லவே இல்லை. அவர் செய்த தியாகத்துக்குக் கண்கூடான பயன் எதுவும் கிடைப்பதில்லை. சுடப்படுவதற்கு முன்னும் தம்மை ஒரு தோல்வியாகவே அவர் கருதுகிறார்.

இந்நாவலில் திருத்தம் வேண்டும் என வத்திக்கானின் திருப்பேராயம் எதிர்பார்ப்பதாக 1954இல் கிரீனுக்குத் தெரிவிக்கப்பட்டது. உரிமை பதிப்பாளர்களிடம் இருப்பதைக் காரணம் காட்டி அவர் மறுத்தார்.

ஜான் ஃபோர்டு இதை 'தி ஃப்யூஜிட்டிவ்' (1947) என்ற பெயரில் படமாக்கினார். அக்கால ஹாலிவுட் தணிக்கை நெறிகள் காரணமாகக் குருவின் குடியும் குழந்தையும் நீக்கப்பட்டன. குழந்தையின் தந்தை காவல் அதிகாரி என மாற்றப்பட்டது. விளைவாக, ஹென்றி ஃபாண்டா நடித்த குரு குற்றமற்ற தியாகியானார். ஒளிப்பதிவு அழகாக இருந்தும் கதை தன் முதுகெலும்பை இழந்தது. குறையை நீக்கினால் குரு உயர்வார் என்ற எண்ணம் தவறானது என்பதற்கு இப்படமே சான்று.

எளிய குரு: ஆம்பிரிக்கூரின் நாட்குறிப்பு

பிரெஞ்சு எழுத்தாளர் ஜார்ஜ் பெர்னானோஸின் 'ஒரு நாட்டுப்புறக் குருவின் நாட்குறிப்பு' (1936) வழுவாத குருவின் தோல்வியைச் சொல்கிறது. ஆம்பிரிக்கூர் என்ற சிற்றூரின் இளம் பங்குத்தந்தை வயிற்று நோயால் ரொட்டியும் திராட்சை மதுவும் மட்டுமே உட்கொள்கிறார். ஊரார் அவரைக் குடிகாரர் என்கின்றனர். நோய் புற்று என்பது இறுதியில் தெரியவருகிறது. மகனை இழந்த துயரில் கடவுளை வெறுத்திருந்த சீமாட்டிக்கு அவர் மன அமைதி பெற்றுத் தருகிறார். தமக்கே கிட்டாத அமைதியைப் பிறருக்கு அவரால் தர முடிகிறது. அகுஸ்தீனின் வாய்க்கால் உவமை இங்கே வாழ்க்கையாகிறது. ராபர்ட் பிரெஸ்ஸோனின் திரைவடிவம் (1951) நாட்குறிப்பு எழுதும் கையையும் தாளையும் திரும்பத் திரும்பக் காட்டி இந்த உள்ளொடுக்கத்தைப் பேணியது.

மறுதலித்த குரு: எண்டோவின் மௌனம்

ஜப்பானியக் கத்தோலிக்க எழுத்தாளர் ஷூசாகு எண்டோவின் 'மௌனம்' (1966) பதினேழாம் நூற்றாண்டு ஜப்பானில் நிகழ்கிறது. நம்பிக்கையை மறுதலித்த இயேசு சபைக் குரு கிறிஸ்தோவாவோ ஃபெரெய்ரா வரலாற்று மனிதர். அவரைத் தேடி வரும் ரொட்ரிகஸ் பிடிபடுகிறார். கிறித்துவின் உருவம் பொறித்த பலகையை அவர் மிதித்தால்தான், குழியில் தலைகீழாகத் தொங்கவிடப்பட்ட எளிய கிறித்தவர்கள் விடுவிக்கப்படுவர். அவர் மிதிக்கிறார்.

தம் உயிரைக் கொடுக்கத் துணிந்த குருவிடம் நாவல் கேட்பது வேறு. பிறருக்காகத் தம் குருத்துவத்தின் பெருமையையே கொடுக்க முடியுமா என்று கேட்கிறது. பின்னர், அவரைக் காட்டிக்கொடுத்த கிச்சிஜிரோ பாவசங்கீர்த்தனம் கேட்டு வருகிறான். மறுதலித்தவர் அவனுக்கு மன்னிப்பு வழங்குகிறார். தொனாத்தியரின் கேள்வி ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள் கழித்துக் கீழ்த்திசையில் மீண்டும் எழுகிறது. மசாஹிரோ ஷினோடா (1971), மார்ட்டின் ஸ்கார்செசி (2016) ஆகியோர் இதைப் படமாக்கினர்.

அண்மைக்காலத் திரை

2009இல் வெளியான ரயன், மர்ஃபி அறிக்கைகள் அயர்லாந்தின் திருச்சபை நிறுவனங்களில் சிறார் மீது நிகழ்ந்த கொடுமைகளையும் அவை மறைக்கப்பட்டதையும் வெளிப்படுத்தின. பணி வேறு, மனிதன் வேறு என்ற பிரிவினை குற்றவாளிக்கு மறைவிடமாகவும் ஆகக்கூடும் என்ற உண்மையை அதன்பின் எந்தப் படைப்பாளியும் புறக்கணிக்க முடியவில்லை.

ஜான் மைக்கேல் மெக்டொனாவின் 'கால்வரி' (2014) இதை நேராக எதிர்கொள்கிறது. சிறுவயதில் ஒரு குருவால் வன்கொடுமைக்கு உள்ளான ஒருவன், பாவசங்கீர்த்தனப் பெட்டியிலேயே ஜேம்ஸ் பாதிரியாரை மிரட்டுகிறான். கெட்ட குருவைக் கொல்வதில் பொருளில்லை, அதனால் நல்லவரான உம்மையே கொல்வேன் என்கிறான். தம் நாய் கொல்லப்பட்டபோது அழுத ஜேம்ஸ், அக்குழந்தைகளைப் பற்றிப் படித்தபோது அழவில்லை என்று இறுதியில் ஒப்புக்கொள்கிறார். தனிப்பட்ட முறையில் குற்றமற்றவரின் விலகலும் ஒரு குற்றமே என்று படம் காட்டுகிறது. 'ஃபிளீபேக்' தொடரின் இரண்டாம் பருவம் (2019) காதல்வயப்படும் குருவை நகைச்சுவையோடு சித்திரிக்கிறது. எனினும், அவர் குருத்துவத்தையே தேர்கிறார் என்பதால் அது எளிய கேலியாக முடிவதில்லை.

தமிழில்

'லே மிசரபிள்' நாவலைச் சுத்தானந்த பாரதியார் 'ஏழை படும் பாடு' என்ற பெயரில் தமிழாக்கினார். கே. ராம்நாத் இயக்கத்தில் 1950இல் அது படமானது. அதில் காவல் அதிகாரியாக நடித்த சீதாராமன் 'ஜாவர்' சீதாராமன் ஆனார். ஹ்யூகோவின் தாக்கம் பி. மாதவன் இயக்கிய 'ஞான ஒளி' (1972) படத்திலும் தொடர்ந்தது. அதன் நாயகன் ஆன்டனி ஒரு பாதிரியாரின் வளர்ப்பில் ஆளானவன்.

இவ்வழியில் வந்த தமிழ்த் திரைப் பாதிரியார் பெரும்பாலும் பிறர் கதையில் ஒரு துணை. அனாதையை வளர்ப்பார், மணமுடித்து வைப்பார், கல்லறையருகே செபிப்பார். ஹ்யூகோவிடமிருந்து மெழுகுதிரித் தண்டுகள் வந்து சேர்ந்தன, புரட்சிக்காரர் முன் மண்டியிட்ட ஆயர் வரவில்லை. தமிழ் நாவலில் நிலைமை சற்று வேறு. ஜோ டி குருஸின் 'ஆழி சூழ் உலகு' (2004) நாவலில் வரும் காகு சாமியார் ஒரு கடலோர ஊரின் வாழ்வோடு பிணைந்தவர். கடற்கரை ஊர்களில் பங்குத்தந்தை வழிபாட்டை நடத்துபவர் மட்டுமல்லர். ஊர் வழக்கிலும் கல்வியிலும் அவருடைய சொல்லுக்கு எடை உண்டு. அந்த அதிகாரம் அதைத் தாங்கும் மனிதனை என்ன செய்கிறது என்று உள்ளிருந்து பார்க்கும் தமிழ்ப் படைப்புக்கு இன்னும் நிறைய இடம் இருக்கிறது.

மதிப்பீடு

குருவைத் தூயவராக மட்டும் காட்டுவது பக்தி நூலின் வேலை, போலியாக மட்டும் காட்டுவது துண்டறிக்கையின் வேலை. மேற்கண்ட படைப்புகள் இரண்டையும் தவிர்த்தன. கிரீனின் குடிகாரக் குருவும், எண்டோவின் மறுதலித்த குருவும், பெர்னானோஸின் நோயாளிக் குருவும் தம்மிடம் இல்லாததைப் பிறருக்குக் கொடுத்தவர்கள். அதே வேளையில், அப்படிக் கொடுக்க முடிவது கொடுப்பவனைக் குற்றத்திலிருந்து விடுவிப்பதில்லை என்பதைக் 'கால்வரி' நினைவூட்டுகிறது. இவ்விரண்டையும் ஒருசேரத் தாங்கும் படைப்பே இத்துறையில் அளவுகோலாகக் கொள்ளத்தக்கது.