அம்மையார் கேட்ட உருவம்

சென்ற மாதம் பெருங்குடியில் எங்கள் அன்பியக் கூட்டம் முடிந்தபின் இளைஞர் ஒருவர் கேட்டார்: "உடலை விருப்பம்போல் மாற்றிக்கொள்ளலாம் என்றால் என்ன கேட்பீர்கள்?" உயரம் கேட்டார்கள், நிறம் கேட்டார்கள், உதிராத முடி கேட்டார்கள். ஒரு பாட்டி மட்டும், "முழங்கால் வலி போனாப் போதும்பா" என்றார். வீடு திரும்பியதும் பெரியபுராணத்தை எடுத்தேன். இக்கேள்விக்குத் தமிழில் கிடைத்த மிகத் துணிவான விடை அங்கேதான் உள்ளது.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் சொன்ன கதை பலரும் அறிந்ததே. மாங்கனி அற்புதத்தைக் கண்டு அஞ்சிய வணிகன் பரமதத்தன், மனைவி புனிதவதியாரைப் பிரிந்து பாண்டி நாட்டில் வேறு மணம் புரிகிறான். பிறந்த மகளுக்கு அவர் பெயரையே இடுகிறான். உறவினர் அவரை அழைத்து வந்தபோது குடும்பத்தோடு காலில் விழுகிறான். அப்போதுதான், அவனுக்காகச் சுமந்த அழகைக் களைந்து பேய் வடிவம் தருமாறு இறைவனிடம் வேண்டுகிறார்.

அந்த 'அவனுக்காக' என்பதில்தான் சேக்கிழாரின் நுட்பம் இருக்கிறது. எனக்கு அவரோடு பிணக்கும் அங்கேதான். அழகு புனிதவதியாருடையதன்று, கணவனுக்கென்று பாதுகாக்கும் அடைக்கலப் பொருள். உரியவன் விலகியதும் அதற்கு வேலையில்லை.

அம்மையாரின் சொந்தப் பாடல்களிலோ இந்தக் காரணமே இல்லை. அவர் ஏறத்தாழ ஆறாம் நூற்றாண்டினர். திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்களில் கணவனும் இல்லை, மாங்கனியும் இல்லை. வாடிய மார்பு, எழும்பிய நரம்புகள், உள்வாங்கிய கண்கள், வெளியே நீண்ட இரு பற்கள் என்று பேய்மகளைக் காட்டிவிட்டு, இறுதியில் தம்மையே காரைக்கால் பேய் என்கிறார். மகளிரை உறுப்பு உறுப்பாகப் புனைவது நம் கவிதையின் பழைய வழக்கம். அதே வழக்கத்தை எடுத்து அவர் கவிழ்த்துவிடுகிறார். எவனும் கைவிட்டதால் வந்த உருவமன்று அது. ஆடுகின்ற இறைவனின் கூட்டத்தில் ஒருவராய் நிற்பதற்கான உருவம்.

1973இல் ஏ.பி. நாகராஜன் எடுத்த திரைப்படத்தில் கே.பி. சுந்தராம்பாளின் குரல் மறக்க முடியாதது. ஆயினும் திரைக்குப் பேய் ஒவ்வவில்லை, மதிப்புக்குரிய மூதாட்டியாக்கிவிட்டது. கங்கைகொண்ட சோழபுரத்துச் சிற்பிக்கு அந்தத் தயக்கம் இருக்கவில்லை. அங்கே ஆடவல்லானின் அருகில் எலும்பும் தோலுமாய் அமர்ந்திருக்கிறார்.

புனித அகுஸ்தினாரும் 'கடவுளின் நகரம்' நூலின் 22ஆம் பகுதியில் இக்கேள்வியை எதிர்கொண்டவர்தான். உயிர்த்தெழும் உடலுக்கு வயதென்ன, மெலிந்தவரும் பருத்தவரும் என்னாவர், வெட்டிய நகமும் முடியும் திரும்புமா என்றெல்லாம் பொறுமையாக ஆராய்கிறார். குறைகள் யாவும் நீங்கும் என்றவருக்கு, மறைசாட்சிகளின் தழும்புகளை நீக்க மட்டும் மனம் வரவில்லை. மயிலையிலும் பரங்கிமலையிலும் நாம் நினைவுகூரும் தோமா தொட அழைக்கப்பட்டதும், உயிர்த்த உடலில் எஞ்சியிருந்த காயங்களைத்தான்.

இரண்டும் ஒன்று என நான் சொல்லவில்லை. காயம் பிறர் இழைத்தது. பேயுரு தாமே கேட்டுப் பெற்றது.

அன்று நிறம் கேட்ட பெண்ணிடம் "யாருக்காக?" என்று கேட்க நாவெழுந்தது. தாயார் அருகில் இருந்ததால் கேட்காமல் வந்துவிட்டேன்.