சுல்தானாவின் கனவும் கொழுந்துக் கூடையும்

பகாங் மாநிலத்துக் கேமரன் மலைக்குச் செல்வோர் தேயிலைச் சரிவுகளின் அழகைப் புகழ்ந்து மீளுவர். அச்சரிவினிடையே இருவர் ஒரு பொறியின் இரு முனைகளையும் பற்றிக்கொண்டு, செடி வரிசையின் இருமருங்கிலும் மெல்ல நடந்து செல்வதையும் சிலர் கண்டிருப்பர். பொறியின் பற்கள் கொழுந்தை அரியும். காற்று அதனைப் பின்னே தொங்கும் பையினுள் தள்ளும். முன்னர் நம் தாய்மாரும் பாட்டிமாரும் முதுகிற் கூடை சுமந்து விரலாற் கிள்ளிய கொழுந்து அது. இன்று அப்பொறியைப் பிடித்து நடப்போருள் பலர் வங்காளதேசத்தினின்றும் நேபாளத்தினின்றும் இந்தோனேசியாவினின்றும் ஒப்பந்தத்தில் வந்தவர்கள்.

அவ்வங்காள மண்ணில், ரங்கப்பூர் மாவட்டத்துப் பைராபந்து என்னும் சிற்றூரிற் பிறந்த ஒரு பெண்மணி, நிலத்தை மின்சாரம் உழும் என்றும், அடுப்பைக் கதிரவன் எரிப்பான் என்றும், மனிதர் நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் உழைத்தாற் போதும் என்றும் 1905ஆம் ஆண்டிலேயே எழுதிவைத்தார். அவர் பெயர் ரொக்கேயா சகாவத் உசேன். அவர் எழுதிய ‘சுல்தானாவின் கனவு’ என்னும் சிறுகதை, இந்தியப் பெண் ஒருவர் எழுதிய விஞ்ஞானக் கதைகளுள் மிக முற்பட்டவற்றுள் ஒன்று. அதனைத் தேயிலைச் சரிவில் நின்று மதிப்பிடுதல் தகும் என்று கருதுகின்றோம். அக்கதை பெண்ணையும் உழைப்பையும் பொறியையும் பற்றிப் பேசுகின்றது. இம்மூன்றும் ஒருங்கே கூடிய இடம் நமக்குத் தேயிலைத் தோட்டமேயாகும்.

விஞ்ஞானக் கதைகளை மதிப்பிடுவதில் நம்மவரிடையே ஒரு வழக்கம் பரவியுள்ளது. ஆசிரியர் சொன்ன கருவிகளுள் எத்தனை பின்னர் வந்தன என்று விரல்விட்டு எண்ணுவர். மிகுதியாக வந்திருந்தால் அவர் தீர்க்கதரிசி, குறைந்தாற் கற்பனைக்காரர். இவ்வளவுகோல் சோதிடனுக்குப் பொருந்தும், இலக்கியத்திற்குப் பொருந்தாது. அக்கருவி யார் கையில் இருந்தது, அதனால் மிஞ்சிய பொழுது யாருக்கு உரியதாயிற்று என்று கேட்பதே தக்கது.

ஆசிரியரின் வாழ்க்கையை முதலிற் காண்போம். ரொக்கேயா 1880ஆம் ஆண்டில் செல்வ நிலக்கிழார் குடும்பத்திற் பிறந்தார். அவ்வீட்டில் ஆண்மக்களுக்குக் கல்லூரி, பெண்மக்களுக்கு நாற்சுவர். தமக்கை கரீமுன்னிசா அவருக்கு வங்காள மொழியைக் கற்பித்தார். தமையன் இப்ராகிம், வீட்டார் உறங்கியபின் விளக்கொளியில் ஆங்கிலம் கற்பித்தார். பின்னர் பாகல்பூரில் அரசாங்க அலுவலில் இருந்த சையது சகாவத் உசேன் என்பாருக்கு அவர் வாழ்க்கைப்பட்டார். கணவர் படிப்பைத் தடுக்கவில்லை, எழுதுமாறு தூண்டினார். அவர் அலுவல் நிமித்தம் வெளியூர் சென்றிருந்த இரண்டு நாட்களிற் பொழுதுபோக்காக எழுதப்பட்டதே இக்கதை. மீண்டு வந்த கணவர் நின்றபடியே முழுவதையும் படித்துவிட்டு, இஃது ஆண்கள்மீது தீர்த்துக்கொண்ட கடும்பழி என்றாராம்.

இக்கதை முதன்முதல் அச்சேறியது நம் சென்னையிலே என்பது தமிழர் நினைவிற் கொள்ளத்தக்கது. 1901ஆம் ஆண்டு முதல் கமலா சத்தியநாதன் அம்மையார் அங்கு நடத்திவந்த மாதர் ஆங்கில மாத இதழில் 1905இல் இது வெளிவந்தது. 1908இல் கல்கத்தாவிற் சிறுநூலாயிற்று. வங்காளப் பெண் எழுதியதைச் சென்னையிலிருந்த பெண் உலகறியச் செய்தார். நம் ஊர்ப் பத்திரிகைச் சரித்திரத்தை எழுதுவோர் இதனை மறத்தல் ஆகாது.

இனிக் கதை. இந்தியப் பெண்களின் நிலையை எண்ணியவாறு சுல்தானா சாய்வு நாற்காலியிற் கண்ணயர்கின்றாள். சாரா என்னும் தோழி வந்து அழைக்கின்றாள். முன்னர் அவ்விருவரும் டார்ஜிலிங்கில் உலாவியவர்கள்; அங்ஙனமே உலாவப் போவதாக எண்ணிச் சுல்தானா எழுகின்றாள். வெளியே வந்தால் அது வேறொரு நாடு. வீதியில் ஆண்மகன் ஒருவனையும் காணோம். அங்கே ஆண்கள் அந்தப்புரத்தில் அடைந்து கிடக்கின்றனர். பெண்கள் நாட்டை ஆள்கின்றனர். முக்காடின்றி நடக்கக் கூசும் சுல்தானாவைப் பார்த்து, ஆணைப்போல் நாணுகின்றாளே என்று அந்நாட்டுப் பெண்கள் நகைக்கின்றனர்.

இந்நகைச்சுவையோடு கதை நின்றிருந்தால் அதனைப் பேச வேண்டியதில்லை. அந்நாடு அவ்வாறானது எப்படி என்று ஆசிரியர் கூறும் முறையிலேயே அதன் பெருமை உள்ளது. அரசி முதலிற் பெண் கல்விக்குக் கட்டளையிடுகின்றாள். இருபத்தொரு வயதிற்குமுன் பெண்ணுக்கு மணமில்லை என்று சட்டம் செய்கின்றாள். பெண்களுக்கென இரண்டு பல்கலைக்கழகங்கள் எழுகின்றன. ஒன்று, மேகத்தினின்று நீரை இறக்கும் பலூனைக் கண்டுபிடிக்கின்றது. மற்றொன்று, வெயிலின் வெப்பத்தைத் திரட்டிச் சேமிக்கக் கற்கின்றது. ஆண்கள் அப்பொழுது படைபலத்தைப் பெருக்குவதிலேயே ஈடுபட்டிருக்கின்றனர். தஞ்சம் புகுந்தோரை ஒப்படைக்க அரசி மறுத்ததால் அண்டை நாட்டரசன் படையெடுத்து வருகின்றான். ஆண்கள் போரில் தளர்கின்றனர். அப்பொழுது கல்லூரித் தலைவி ஒருத்தி இரண்டாயிரம் மாணவியரோடு சென்று, திரட்டிய கதிரொளியைப் பகைவர்மேற் பாய்ச்சி ஓட்டுகின்றாள். முன்னரே அந்தப்புரம் புகுந்த ஆண்கள் அங்கேயே இருந்துவிடுகின்றனர்.

ஈண்டு நிகழ்ச்சிகளின் வரிசையை நோக்குக. முதலிற் பள்ளி, பின்னர் மணவயதுச் சட்டம், அதன் பின்னரே பொறி. பொறி வானத்தினின்று விழவில்லை. அயல்நாட்டுக் கம்பெனி கப்பலில் அனுப்பவும் இல்லை. எழுத்தறிந்த பெண்களின் கையில் அது பிறந்தது. ஆகவே அதன் பயனும் அவர்களுக்கே ஆயிற்று. அந்நாட்டுச் சமையலறையிற் புகையில்லை, கரியில்லை, வெயிலே சமைக்கின்றது. சாரா தன் அலுவலை இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடுகின்றாள். ஆண்கள் முன்பு ஏழு மணி நேரம் அலுவலகத்தில் இருந்தது எப்படி என்பதற்கு அவள் கணக்குச் சொல்கின்றாள்: நாளொன்றுக்குப் பன்னிரண்டு சுருட்டு, சுருட்டொன்றுக்கு அரைமணி, ஆறு மணி நேரம் புகையாய்ப் போயிற்று! நகைப்புக்குரிய கணக்குத்தான். ஆயினும் பொழுது யாருடையது என்னும் கேள்வியை இவ்வளவு எளிதாக எழுப்பிய எழுத்து அக்காலத்தில் அரிது.

அக்காலத்து மற்ற விஞ்ஞானக் கதைகளை ஒப்பிட்டால் இதன் தனித்தன்மை விளங்கும். செகதீச சந்திர போஸ் 1896இல் வங்காளத்தில் எழுதிய கதையில், ஒரு புட்டி மயிர்த்தைலம் கடற்புயலை அடக்குகின்றது. அது அறிஞரின் விளையாட்டு. ரொக்கேயாவுக்கு விஞ்ஞானம் விளையாட்டன்று. கதவைத் திறக்கும் திறவுகோல்.

நிற்க. இக்கனவின் வரிசையைக் கேமரன் மலையோடு ஒத்துப் பார்ப்போம். 1885இல் வில்லியம் கேமரன் என்னும் அளவையாளர் கண்டு சொன்ன இம்மேட்டுநிலத்தில், 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் என்பார் போ தோட்டத்தைத் தொடங்கினார். காட்டை வெட்டியவரும் செடி நட்டவரும் கவ்வாத்து வெட்டியவரும் கொழுந்து பறித்தவரும் பெரும்பாலும் நம்மவர். அக்காலத்து மலாயாத் தோட்டங்களில் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்பது நாட்கூலி விதி. உலகப் பொருளாதார வீழ்ச்சியில் அதுவும் குறைந்தது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால் தோட்டத்தார் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. விதி இருந்தது, பல தோட்டங்களிற் கிராணியோ கங்காணியோ ஆசிரியரானார், ஆயாக் கொட்டகையே பள்ளியாயிற்று. பெண்பிள்ளை அங்கும் நெடுநாள் தங்கவில்லை. தங்கை தம்பியரைப் பார்த்துக்கொள்ளவும், பின்னர்ப் பெரட்டில் நிற்கவும் அவள் அழைக்கப்பட்டாள்.

விஞ்ஞானமும் இம்மலைக்கு வந்தது. 1960களில் ரிங்லெட்டில் ஆற்றை மறித்து அணை கட்டி மின்சாரம் எடுத்தனர். ஆலையிற் கொழுந்தை வாட்டவும் உருட்டவும் காயவைக்கவும் பொறிகள் வந்தன; பின்னர் அரியும் பொறியும் வந்தது. கூடைக்காரியின் வேலை பெரிதும் குறைந்தது உண்மை. ஆனால் மிஞ்சிய பொழுது அவளிடம் வந்ததா? வரவில்லை. பொழுது மிஞ்சவில்லை, ஆள்தான் மிஞ்சினாள். அவள் பிள்ளைகள் பட்டணங்களுக்கு இறங்கினர். அவள் நின்ற இடத்தில் அயல்நாட்டு ஒப்பந்தத் தொழிலாளி நிற்கின்றான். அத்தகைய வேலை உரிமம் பெற்றோர் மனைவி மக்களை உடன் கொணர இயலாது. ரொக்கேயாவின் கனவு ஆணை அந்தப்புரத்திலும் பெண்ணை வீதியிலும் வைத்தது; நம் காலத்து ஒப்பந்தமோ ஆணை ஒரு நாட்டிலும் பெண்ணை மற்றொரு நாட்டிலும் வைத்துள்ளது. ரங்கப்பூர்ப் பக்கத்துப் பெண்ணொருத்தி கணவனைக் கைப்பேசியிற் காண்கின்றாள் என்றால், விஞ்ஞானம் அவளுக்கு அளித்தது அவ்வளவே.

ஆதலின், பொறி முந்திப் பள்ளி பிந்தினால் என்ன நேரும் என்பதற்கு இம்மலை சான்று. கனவு பொய்த்தது எனல் பொருந்தாது. கனவின் வரிசையைத் தலைகீழாக்கினோம் என்பதே பொருந்தும்.

புகழ்ச்சியோடு நிறுத்துதல் திறனாய்வு ஆகாது. இக்கதையிற் குறைகள் மூன்று. முதலாவது, அடிமைத்தனத்தை அது ஒழிக்கவில்லை, ஆளை மாற்றிவிட்டது. பெண்ணை அடைத்தது கொடுமையென்றால் ஆணை அடைப்பதும் கொடுமையே. நகைச்சுவைக்காகச் செய்தார் என்பது உண்மையாயினும், வாசகன் கதவின் இருபுறமும் எண்ணிப் பார்க்க வேண்டும். இரண்டாவது, அங்கே அரசி இருக்கின்றாள். எல்லா நன்மையும் அவள் கட்டளையாலேயே வருகின்றன. நல்ல அரசி போனபின் யார் வருவார் என்ற கேள்விக்கு இடமில்லை.

மூன்றாவது குறையே பெரிது. அந்நாட்டில் உழைப்பாளியைக் காணோம். வயலை மின்சாரம் உழுகின்றது, சரி. அம்மின்பொறியை வார்த்தவர் யார்? அந்த அழகிய தோட்டங்களின் களையைப் பிடுங்கியவர் யார்? சாராவுக்கு இரண்டு மணி நேர வேலை ஆய்வுக்கூடத்தில். ஆய்வுக்கூடம் இல்லாத பெண்ணுக்கு எத்தனை மணி? கனவு தொடங்கும்போது சுல்தானா நினைக்கும் டார்ஜிலிங், தேயிலை மலை. அவள் உலாவிய நாட்களில் அம்மலையிலும் பெண்கள் கூடையோடு நின்றிருந்தனர். கதை அவர்களைக் கடந்து போய்விட்டது. இங்கிலாந்தில் வெல்ஸ் 1895இல் எழுதிய காலயந்திரக் கதையில், உழைப்பாளியின் சந்ததி மண்ணுக்கடியில் வாழும் கொடிய இனமாகி நிற்கின்றது. அவர் உழைப்பாளியை அஞ்சியேனும் கண்டார். ரொக்கேயா காணவே இல்லை.

இவ்விடத்தில் 1940களில் வெளிவந்த பெரியாரின் ‘இனிவரும் உலகம்’ நினைவுக்கு வருகின்றது. ஒருவரோடொருவர் உருவங் கண்டு பேசும் கருவியும், கூடலின்றிக் குழந்தை பெறும் முறையும் அதிற் சொல்லப்பட்டமை பலரும் எடுத்துக்காட்டுவதே. அரசனும் நாணயச் செலாவணியும் இல்லாத உலகமாக அவர் அதனை வகுத்தார் என்பதை அவ்வளவாக எவரும் எடுத்துக்காட்டுவதில்லை. ரொக்கேயா விட்ட இடத்தைப் பெரியார் நிரப்பினார் எனலாம். ஆனால் பெரியாரின் நூல் கட்டுரை. அதில் நடமாடும் ஆள் இல்லை. முக்காடு விலகிக் கூசி நிற்கும் ஒரு பெண்ணின் உடலை உணரச் செய்தது ரொக்கேயாவின் கதையே. கொள்கைக்கு அந்நூலும் உணர்ச்சிக்கு இந்நூலும் ஒன்றையொன்று வேண்டி நிற்கின்றன.

ரொக்கேயாவின் குறையை அவர் வாழ்க்கையே ஒருவாறு திருத்தியது. 1909இல் கணவர் மறைந்தார். அவ்வாண்டிலேயே பாகல்பூரில் ஐந்து மாணவியரைக் கொண்டு கணவர் பெயராற் பள்ளி தொடங்கினார். அது நிலைக்கவில்லை. 1911இற் கல்கத்தாவில் எட்டு மாணவியரோடு மீண்டும் தொடங்கினார். கதையில் ஆகாய விமானத்திற் பறந்தவர், நிலத்தில் ஒரு பள்ளிப் பேருந்தை ஓட்டப் பட்ட பாடு கேட்கத்தக்கது. பெண்பிள்ளைகள் வெளியே தெரியலாகாது என்று வண்டியை முற்றும் மூடினால், காற்றின்றிப் பிள்ளைகள் மயங்கி விழுந்தனர். திரையாக்கினால், திரை காற்றில் அசைகின்றது, கோஷா கெடுகின்றது என்று மிரட்டற் கடிதங்கள் வந்தன. பர்தாவின் கொடுமைகளைத் தொகுத்து 1931இல் வெளியிட்ட நூலில் இதனை அவரே எழுதியுள்ளார். 1924இல் வெளிவந்த ‘பத்மராகம்’ என்னும் நாவலில், பல சமயப் பெண்கள் ஒருங்கே தங்கிக் கற்றும் கற்பித்தும் தொழில் செய்தும் வாழும் ஓர் இல்லத்தைப் படைத்தார். அங்கே அரசியும் இல்லை, அற்புதப் பொறியும் இல்லை. உழைக்கும் பெண்கள் இருக்கின்றனர். கனவிற் காணாதவர்களை நனவிற் கண்டுகொண்டார்.

1932ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் அவர் மறைந்தார். அந்நாளை வங்காளதேசம் ஆண்டுதோறும் அவர் பெயராற் கொண்டாடுகின்றது. அந்நாளிலும் கேமரன் மலையில் அந்நாட்டார் பொறி பிடித்து நடப்பர்.

தமிழ் மக்கள் இக்கதையைப் படிக்க வேண்டும். நம் பெண்பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டவும் வேண்டும். படித்தபின், மேகத்தினின்று நீரிறக்கும் பலூன் வந்துவிட்டதா என்று கேட்க வேண்டா. தோட்டத்திற் புதுப்பொறி ஒன்று வந்திறங்கும்போதெல்லாம், இதனைப் பிடிப்பவனுக்கு இன்று எத்தனை மணி நேரம் குறைந்தது, அவன் மகள் எந்த வகுப்பிற் படிக்கின்றாள் என்று கேட்டாற் போதும். அக்கேள்விக்கு நல்ல விடை கிடைக்கும் நாளே சுல்தானா விழித்தெழும் நாள்.