விடை திரையில், நிரலின் கையில் என்ன?

தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலில் (2019) ஓர் அத்தியாயம், பைத்தானுக்குள் சி++ நிரலை இறக்குமதி செய்வது பற்றியது. ஒரு மொழியைக் கொண்டு இன்னொன்றை ஏவலாம் என்று பள்ளியிலேயே காட்டியது பாராட்டுக்குரியது. ஆனால் ‘இறக்குமதி’ என்னும் சொல் அங்கே பொருந்துமா என்பது என் ஐயம்.

அங்கே வேலை செய்வது ‘ஓஎஸ்.சிஸ்டம்’ என்னும் கட்டளை. முதல் முறை அது ஜி++ நிரல்பெயர்ப்பியை அழைத்து இயங்கு கோப்பை உண்டாக்குகிறது. இரண்டாம் முறை அக்கோப்பை ஓட்டுகிறது. விடை திரையில் தெரிகிறது. பைத்தானுக்குக் கிடைப்பதோ ஓர் எண் மட்டுமே. வேலை ஒழுங்காக முடிந்திருந்தால் பொதுவாக 0. நெல் மூட்டையோடு ஆலைக்குப் போனவர் திரும்பி வந்து ‘அரைத்தாயிற்று’ என்கிறார். அரிசி ஆலையிலேயே கிடக்கிறது. எங்கள் தஞ்சைப் பக்கத்தில் இதை வேலை முடிந்ததாக யாரும் ஒப்பமாட்டார்கள்.

இன்னொரு குறை இதைவிடப் பெரிது. நிரல்பெயர்ப்பி தரும் எண்ணை அந்த நிரல் சோதிப்பதே இல்லை. நேற்று ஓடிய சி++ நிரலில் இன்று சூத்திரத்தைத் திருத்துகிறீர்கள். ஓர் அரைப்புள்ளி விட்டுப்போகிறது. பிழைச் செய்தி திரையில் வரத்தான் செய்யும். ஆனால் நேற்றைய இயங்கு கோப்பு அழியாமல் இருக்கிறதல்லவா? அடுத்த வரி அதையே ஓட்டும். பழைய சூத்திரத்தின் விடையைப் புதியது என்று செய்முறை ஏட்டில் எழுதிவிடுவோம். இயற்பியல் கற்பிக்கும் எனக்கு இதுதான் பொறுக்கவில்லை.

2004 முதல் பைத்தானில் ‘சப்பிராசஸ்’ என்னும் கூறு உண்டு. அதன் ‘ரன்’ கட்டளையில் ‘கேப்சர் அவுட்புட்’ என்னும் வசதி 2018-இல் சேர்ந்தது. விடை, பிழைச் செய்தி, முடிவெண் மூன்றும் தனித்தனியாக நிரலின் கைக்கு வரும். ‘செக்’ என்பதையும் சேர்த்தால் பிழை நேர்ந்த இடத்திலேயே நிரல் நின்றுவிடும். ஒன்று கவனிக்க: 9.8 என்று வந்தாலும் அது எழுத்துச் சரமே. எண்ணாக மாற்றிய பிறகே கணக்கிடலாம். இதன் மூதாதை, டக்ளஸ் மெக்கில்ராயின் யோசனைப்படி 1973-இல் கென் தாம்சன் யூனிக்ஸில் அமைத்த ‘குழாய்’.

நூலாசிரியர்கள் பக்கமும் நியாயம் உண்டு. அவர்களுடைய நிரல் பயனரிடம் ஓர் எண்ணைக் கேட்கிறது. வெளியீட்டைப் பிடித்தால் அந்தக் கேள்வியும் மூட்டைக்குள் போய்விடும். மாணவர் வெறுந்திரையைப் பார்த்து விழிப்பார். எண்ணையும் ‘இன்புட்’ வழியாக முன்பே கொடுத்தாக வேண்டும். இதை விளக்க ஒரு பக்கம் போதும். அந்தப் பக்கம் நூலில் இல்லை.

பாடம் நடத்தும் நண்பர்கள் அதுவரை, ஓர் அரைப்புள்ளியை வேண்டுமென்றே அழித்துவிட்டு நிரலை வகுப்பில் ஓட்டிக் காட்டலாம்.