கே.டி.க்கு முன்னால் நாற்பது வருஷம்

2019-ல் மதுமிதாவின் 'கே.டி. (எ) கருப்புதுரை' வந்தபோது நண்பர்கள் பலர் கேட்டது ஒன்றுதான்: "யாருங்க இந்தப் பெரியவர், இவ்ளோ நாளா எங்க இருந்தார்?"

மு. ராமசாமி மேடையில் இருந்தார். 1978-ல் மதுரையில் 'நிஜ நாடக இயக்கம்' தொடங்கியவர். அரசன் தடை போட்டும் அண்ணனின் பிணத்தை அடக்கம் செய்யத் துணியும் பெண்ணின் கதையான கிரேக்க நாடகம் 'ஆன்டிகனி'யை 'துர்க்கிர அவலம்' என்று தமிழ் மேடைக்குக் கொண்டுவந்தார். தோல்பாவை நிழற்கூத்தை ஆராய்ந்தார், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் நாடகம் சொல்லிக்கொடுத்தார், பெரியாராக மேடையேறினார். இதையெல்லாம் சினிமாவுக்கு ஏறிவந்த படிக்கட்டு மாதிரி எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

இத்தனை வேலையை ஒருத்தர் செய்வது எங்கள் கள்ளக்குறிச்சிப் பக்கம் புதுசும் இல்லை. திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்தைப் பாருங்கள். நடிப்பவரே பாடுவார், அடவு போடுவார், தன் முகத்துக்குத் தானே அரிதாரம் பூசுவார், அடுத்த நாள் பெண் வேஷமும் கட்டுவார். 'பன்முகக் கலைஞர்' என்று அவரை யாரும் சொல்வதில்லை. கூத்தாடி, அவ்வளவுதான்.

படங்களுக்கு வருவோம். 'ஜோக்கர்' (2016) படத்தில் அவர் செய்த பொன்னூஞ்சல், ஓயாமல் போராடுகிற கிழவர். மேடையில் அதிகாரத்தை எதிர்த்துப் பேசியே பழகியவருக்குப் பழகிய சட்டைதான். நன்றாகவே இருந்தது, ஆனால் ஆச்சரியப்படுத்தவில்லை. கே.டி. வேறு. பெற்ற பிள்ளைகளே தலைக்கூத்தலுக்கு நாள் பார்ப்பதைக் கேட்டுவிட்டு வீட்டைவிட்டு ஓடும் கிழவர். குட்டி என்கிற சிறுவனோடு சேர்ந்ததும் பிரியாணிக்கு அலைகிற குழந்தையாகிறார். சாகக் கிடந்த உடம்புக்கு ஆசை திரும்புவதை அவர் வசனத்தைவிட உடம்பிலேயே காட்டிவிடுகிறார். ஆசைகளைப் பட்டியல் போட்டு ஒவ்வொன்றாக நிறைவேற்றும் திரைக்கதை சில இடங்களில் ரொம்ப இனிக்கிறது. அங்கெல்லாம் படத்தைத் தாங்குவது இவர்தான். இதை 'இயல்பான நடிப்பு' என்று பாராட்டுவது எனக்குக் கொஞ்சம் எரிச்சல். அது நாற்பது வருஷப் பயிற்சி சார்.

சிக்கல் வேறு இடத்தில். சிக்னல் கிடைத்தால் கல்வராயன் மலையில் வெள்ளிமலையில் இருப்பவர்கூட கே.டி.யை செல்போனில் பார்த்துவிடலாம். 'துர்க்கிர அவல'த்தை அப்படிப் பார்க்க வழியில்லை. டேட்டாபேஸ் வேலை பார்ப்பவனாகச் சொல்கிறேன்: பதிவாகாததைத் தேடல் காட்டாது. நாளைக்கு அவர் பெயரைத் தேடுகிறவருக்குப் படப்பட்டியல் முழுசாகக் கிடைக்கும். நாடகங்களுக்குத் தலைப்பு மட்டும் மிஞ்சும். மேடையில் எப்படி நின்றார், குரல் எங்கே உடைந்தது, சனங்கள் எப்போது எழுந்து போனார்கள், எதுவும் இருக்காது. அந்த நாடகங்களைப் பார்த்தவர்கள் மதுரையிலும் தஞ்சாவூரிலும் இன்னும் இருப்பார்கள். நினைவிருப்பதை, தப்பும் தவறுமாகவாவது, அவர்கள் எழுதிவைக்க வேண்டும்.