மார்கழியும் தையும்: நாட்டார் கலைக் கூடல்களில் காலம், களம், பெயர்

முன்னுரை

சென்னையின் மார்கழி என்றவுடன் சபைகளும் கச்சேரிகளுமே நினைவிற்கு வருகின்றன. 1927 டிசம்பரில் சென்னையில் கூடிய காங்கிரசு மாநாட்டையொட்டி நடைபெற்ற இசை மாநாடும், அதன் பயனாக 1928இல் தோன்றிய மியூசிக் அகாதெமியும் இப்பருவத்திற்கு வித்திட்டன. அதே பனிக்காலத்தில் நாட்டார் கலைகளுக்கெனத் தனிக் கூடல்கள் உருவானது அண்மைக்கால நிகழ்வாகும். இக்கூடல்களை வரவேற்ற எழுத்துகளும் உண்டு; 'கலையைக் காட்சிப்பொருளாக்கிவிட்டனர்' எனக் கடிந்த எழுத்துகளும் உண்டு. இவ்விரு நிலைகளும் எல்லாக் கலைகளையும் ஒன்றாகவே கொண்டு பேசுகின்றன. அது பொருந்துமா என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மூன்று கூடல்கள்

2007இல் தமிழ் மையம் என்னும் அமைப்பும் தமிழக அரசின் சுற்றுலா, பண்பாட்டுத் துறையும் இணைந்து 'சென்னை சங்கமம்' விழாவைத் தொடங்கின. அடுத்த ஆண்டு முதல் பொங்கலையொட்டிப் பூங்காக்களிலும் கடற்கரையிலும் நடைபெற்ற இவ்விழா, 2011க்குப் பின் நின்று, 2023 சனவரியில் 'நம்ம ஊரு திருவிழா' என்னும் பெயரையும் சேர்த்துக்கொண்டு அரசு விழாவாக மீண்டது. 2015இல் டி.எம். கிருஷ்ணா முதலியோரும் ஊர் மக்களும் இணைந்து, ஊரூர் ஆல்காட் குப்பம் என்னும் மீனவர் குடியிருப்பில் ஒரு விழாவை முன்னெடுத்தனர். 2020 டிசம்பரில் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் 'மார்கழியில் மக்களிசை'யைத் தொடங்கியது. ஒன்று அரசு அழைத்தது. ஒன்று குப்பம் அழைத்தது. ஒன்று ஒடுக்கப்பட்டோர் இயக்கம் அழைத்தது. இவ்வேறுபாடு கருதத்தக்கது.

பருவமும் கலையும்

நாட்டார் கலைகளின் இயல்பான பருவம் மார்கழி அன்று. வடமாவட்டங்களில் திரௌபதியம்மன் விழாக்களையொட்டிய தெருக்கூத்து பெரிதும் பங்குனி முதல் ஆடி வரையிலான மாதங்களுக்குரியது. மாரியம்மன் கோயில் கரகாட்டமும், நெல்லை, குமரி மாவட்டக் கொடைவிழா வில்லுப்பாட்டும் பெரும்பாலும் கோடையையும் ஆடியையும் சார்ந்தவை. தைப்பொங்கலுக்குரிய கும்மி போன்றவை இதற்கு விலக்கு. திருமணமும் கொடையும் அருகிய மார்கழி, தொழில்முறைக் கலைஞனுக்கு வருவாய் குன்றிய காலமாகும். ஆகவே, பனிக்காலக் கூடல்கள் கலையின் பருவத்தை மாற்றிவிட்டன என்பது குறையாகத் தோன்றினும், கலைஞனின் அடுப்பு நோக்கில் அதுவே அவற்றின் முதற்பயன் எனலாம். விழாத் திறனாய்வுகள் இக்கூறினை எண்ணிப் பார்ப்பது அரிது.

சூழல் இழப்பு: ஒரே விதியா?

நிகழ்த்துதலைச் சூழலோடு வைத்தே அறிதல் வேண்டும் என்பது தே. லூர்து போன்ற வழக்காற்றியலார் வலியுறுத்திய கருத்தாகும். இக்கருத்து வில்லுப்பாட்டிற்கு முற்றிலும் பொருந்தும். காப்பு, வருபொருள் உரைத்தல், குருவடி, அவையடக்கம், கதைக்கூறு, வாழி என அமையும் அதன் கட்டமைப்பு, கொடைவிழாவின் வழிபாட்டு நிகழ்வுகளோடு இணைந்து நகர்வது. கதையில் தெய்வம் தோன்றும் கட்டமும் களத்தில் சாமியாடும் கணமும் ஒன்றையொன்று எதிர்நோக்குவன. பூங்கா மேடையில் இது சிறுபொழுதிற்குச் சுருங்கும்போது காப்பும் வாழியும் எஞ்சலாம். நடுவே இருக்கவேண்டிய கதை எஞ்சுவதில்லை. இங்குச் சூழல் இழப்பு கலை இழப்பேயாகும்.

கரகத்தின் நிலை வேறு. வழிபாட்டிற்குரிய சக்தி கரகத்தையும் தொழிலாகிய ஆட்டக் கரகத்தையும் மக்களே முன்னரே பிரித்து வைத்துள்ளனர். பின்னது மேடையேறுவதால் சடங்கு சிதைவதில்லை. எனவே, மரபின் உள்ளேயே உள்ள இப்பிரிவினை அறியாமல் எழும் தூய்மைவாதக் குறைகூறல் வலுவிழக்கின்றது.

பறையோ இவ்விரண்டிற்கும் மாறானது. தொல்காப்பியம் திணைதோறும் உரிய கருப்பொருள்களுள் ஒன்றாகப் பறையை வைத்துள்ளது. பிற்காலச் சாதியமைப்போ அதனை ஒரு சாரார்மீது சுமத்தப்பட்ட இழவுத் தொழிலாக்கியது. அத்தொழிலைச் செய்ய மறுத்தலும், அதே கருவியை விடுதலை முழக்கமாக மீட்டெடுத்தலும் தலித் பண்பாட்டு இயக்கத்தின் இருமுகங்களாக அமைந்தன. கட்டாயத்தால் அடிக்கப்பட்ட பறை, விருப்பத்தால் அடிக்கப்படும் இடத்திற்கு வரும்போது அது இழப்பது இழிவைத்தான். சூழலிலிருந்து விடுபடுதலே இங்கு மீட்பாகின்றது. ஒரே மேடையில் அடுத்தடுத்து நிகழும் இரு கலைகளுள் ஒன்று தேய்வதும் மற்றொன்று நிமிர்வதும் இதனாலேயே எனலாம். 'சூழல் இழப்பு' என்னும் ஒற்றை அளவுகோல் இவ்வேறுபாட்டைக் காட்டாது.

களமும் பெயரும்

களத்தைப் பொறுத்தவரை, பூங்காவில் நாட்டார் கலைஞர் நகரத்தாரின் விருந்தினர். நகரம் இருந்த இடத்திலேயே இருந்து காண்கின்றது. குப்பத்தில் கருநாடக இசை கேட்க விரும்பியவர் தாமே குப்பத்திற்கு நடந்துசெல்ல வேண்டியிருந்தது. அங்கு நகர்ந்தது கலை மட்டுமன்று, பார்வையாளரும்கூட. ஒப்பாரியையும் கானாவையும் மார்கழி என்னும் பெயராலேயே அரங்கேற்றிய மக்களிசை விழா, இடத்தைவிடக் காலத்தின் மீது உரிமை கோரியது. மார்கழி யாருடையது என்னும் வினாவினை அது வெளிப்படையாகவே எழுப்பியது.

எனினும், ஒரு குறை பரவலாகத் தொடர்கின்றது. சபை அழைப்பிதழில் பாடகர் பெயரும் பக்கவாத்தியக்காரர் பெயர்களும் அச்சாகின்றன. நாட்டார் கலை அழைப்பிதழ்களில் பெரும்பாலும் 'பறையாட்டம்', 'கரகாட்டம்' எனக் கலையின் பெயர் மட்டுமே இடம்பெறுகின்றது. பாடகர் ஆளாக வருகிறார். பறைக்கலைஞர் வகைமாதிரியாக வருகிறார். 2025இல் மதுரையைச் சார்ந்த பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டமை இந்நிலையில் ஒரு திருப்பமாகும். ஆசான், மாணவர், குழு என்னும் வழிமுறையைப் பறைக்கும் ஏற்றுப் பெயரிட்டு அழைக்கும் வழக்கம் விருதோடு நின்றுவிடாமல் அழைப்பிதழுக்கும் வருதல் வேண்டும்.

இக்குறையில் ஆய்வுலகிற்கும் பங்குண்டு. களப்பணி ஏடுகளில் 'தகவலாளி' என ஒருவரைச் சுருக்கி, அவரது பாடலை மட்டும் பதிப்பித்த வழக்கம் நம்முடையதுமாகும்.

முடிவுரை

பனிக்காலக் கூடல்களை மதிப்பிட மூன்று வினாக்கள் வேண்டும். கலைக்கு அதன் கட்டமைப்பு நிறைவுறும் காலவளவு அளிக்கப்பட்டதா? அழைத்தவர் யார், இடம்பெயர்ந்தவர் யார்? நிகழ்த்தியவரின் பெயர் பதிவாயிற்றா? இவற்றுள் முதல்வினா வில்லுப்பாட்டிற்கு உயிர்வினா. மூன்றாவது பறைக்கு உயிர்வினா. கலைதோறும் வினாவின் எடை மாறும் என்பதை உணர்தலே திறனாய்வின் தொடக்கமாகும். வரும் பருவத்தில் இவ்விழாக்களுக்குச் செல்லும் ஆய்வாளர், கலைப்பெயரோடு கலைஞர் பெயரையும் அவர்தம் ஆசான் பெயரையும் நிகழ்த்திய நேரத்தையும் குறித்துவருவாராயின், பாராட்டிற்கும் கண்டனத்திற்கும் அப்பாற்பட்ட ஒரு வரலாறு எழுதப்பட வழி பிறக்கும்.