மோட்டாருக்கு ஒரு சர்வர்: திங்ஸ்போர்டு தேறுமா?

"போன்ல மோட்டார் ஓட்டறது இப்பவே ஓட்டறமுங்க. வித்த பேனலையெல்லாம் ஒரே எடத்துல பாக்க முடியுமுங்களா?" சிங்காநல்லூர்ப் பக்கம் பம்ப் பேனல் செய்யும் பட்டறைக்காரர்களின் கேள்வி இது. சிம் போட்ட மொபைல் ஸ்டார்ட்டர் கொங்குத் தோட்டங்களுக்குப் புதிதல்ல. ஆனால் அது ஒரு மோட்டாருக்கும் ஒரு போனுக்கும் இடையிலான பேச்சு. எந்தத் தோட்டத்தில் வோல்டேஜ் இறங்குகிறது, எந்த போரில் தண்ணீர் வற்றி மோட்டார் வெறுமனே சுற்றுகிறது என்று மொத்தமாகப் பார்க்க, நடுவில் ஒரு சர்வர் வேண்டும். அதற்காக, கருவிகளின் அளவுகளைத் திரட்டித் திரையில் காட்டும் திங்ஸ்போர்டு மென்பொருளின் இலவசப் பதிப்பான கம்யூனிட்டி எடிஷனை நிறுவி, ஈஎஸ்பி32 பலகை பொருத்திய பேனலோடு இணைத்துப் பார்த்தேன்.

ஏன் இது?

அப்பாச்சி 2.0 உரிமத்தில் கிடைக்கும் திறமூல மென்பொருள். உரிமக் கட்டணம் இல்லை, சர்வர் வாடகை மட்டும்தான். இன்னொரு காரணமும் உண்டு. கருவிகளை இணையத்தில் இணைக்கும் தன் ஐஓடி கோர் சேவையைக் கூகுள் 2023 ஆகஸ்ட் 16 அன்று மூடிவிட்டது. அதை நம்பிக் கருவி விற்றவர்கள் வேறு இடம் தேட வேண்டியதாயிற்று. தோட்டத்துச் சுவரில் மாட்டிய பேனல் பல வருஷம் உழைக்க வேண்டியது. அதன் சர்வர் நம் கையில் இருப்பது நல்லது.

நிறுவுதல்

உபுண்டு சர்வரில் டாக்கர் வழியாக ஏற்றுவது எளிது. ஜாவாவில் எழுதிய மென்பொருள், கூடவே போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம்; அதனால் 4 ஜிபி ராமுக்குக் குறைந்து இறங்க வேண்டாம். முதல் வேலை, கூடவே வரும் மாதிரிக் கணக்குகளின் கடவுச்சொற்களை மாற்றுவது. அவை ஊரறிந்தவை. அடுத்து, கருவிகளை 1883 போர்ட்டில் விடாமல், டிஎல்எஸ் பூட்டோடு 8883க்கு மாற்றுவது.

ஒவ்வொரு கருவிக்கும் ஓர் ஆக்சஸ் டோக்கன். அதைப் பலகையில் எழுதிவிட்டால், எம்க்யூடிடி என்ற செய்தி அனுப்பும் முறை வழியாக மூன்று ஃபேஸின் வோல்டேஜும் ஆம்பியரும் திரைக்கு வந்துவிடும். டாஷ்போர்டு தலைப்புகளைத் தமிழிலேயே எழுதிக்கொள்ளலாம்.

கரண்டு போனால்?

எம்க்யூடிடி 1999இல் எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியே கண்காணிக்க உருவானது. அறுந்து அறுந்து வரும் இணைப்புக்கே பிறந்த முறை. அதன் மேலே உட்கார்ந்திருக்கும் திங்ஸ்போர்டும் அப்படியா என்று பார்க்கத்தான் பேனலின் கரண்டையும் நெட்டையும் மாறி மாறிப் பிடுங்கினேன்.

நெட் இல்லாத நேரத்து அளவுகளைப் பலகை சேர்த்துவைத்து, நேர முத்திரையோடு பிறகு அனுப்பினால், கிராஃபில் அந்தந்த நேரத்திலேயே போய் உட்கார்கின்றன. இது அருமை. ஆனால் 10 நிமிஷம் சத்தம் இல்லையென்றால் கருவி செயலற்றது என்று குறித்துவிடுகிறது. த்ரீ ஃபேஸ் வந்து போகும் ஊரில் இதை வைத்து அலாரம் அமைத்தால் நாள் முழுக்க அடித்துக்கொண்டிருக்கும். இந்த வரம்பைக் கருவிவாரியாகக் கூட்டிக்கொள்ளலாம்.

கவனம் வேண்டியது ஸ்டார்ட் கட்டளையில். சர்வரிலிருந்து கருவிக்குப் போகும் சாதாரண ஆர்பிசி கட்டளை, கருவி இணைப்பில் இல்லையென்றால் சில நொடிகளில் காலாவதியாகிவிடும். காத்திருந்து சேர்க்கும் வகையும் இருக்கிறது. அதற்குக் காலக்கெடு சுருக்கமாக வைக்காவிட்டால், மதியம் அழுத்திய ஸ்டார்ட் நடுராத்திரி கரண்டு வந்ததும் மோட்டாரை ஓட்டிவிடும். டைமர், வோல்டேஜ் வரம்பு போன்ற அமைப்புகளுக்கு ஷேர்டு அட்ரிபியூட் பொருத்தம்: சர்வர் நினைவில் வைத்திருக்கும், பலகை இணைந்ததும் கேட்டு வாங்கிக்கொள்ளும். தண்ணீர் வற்றினால் மோட்டாரை நிறுத்தும் ட்ரை ரன் கட்-ஆஃப் மட்டும் பேனலுக்குள்ளேயே நடக்க வேண்டும். சர்வரிலுள்ள ரூல் எஞ்ஜின் தகவல் சொல்லத்தான். மோட்டாரைக் காக்க அல்ல.

தரவின் கனம்

10 நொடிக்கு ஒருமுறை ஆறு அளவுகள் அனுப்பினால் ஒரு மோட்டாருக்கு நாளுக்கு 51,840 வரிகள். நூறு மோட்டார் என்றால் அரைக் கோடியைத் தாண்டும். மாற்றம் இருந்தால் மட்டும் அனுப்பு, இல்லையேல் 5 நிமிஷத்துக்கு ஒருமுறை என்று பலகையிலேயே எழுதிவிட்டால் இது மிகவும் இறங்கிவிடும். பழைய தரவை எத்தனை நாளில் கழிப்பது என்பதையும் தொடக்கத்திலேயே அமைத்துவிடுங்கள்.

குறைகள்

இலவசப் பதிப்பில் கம்பெனி, அதன் கீழ் வாடிக்கையாளர் என இரண்டே படிகள். நம் ஊர் வியாபாரமோ கம்பெனி, டீலர், விவசாயி என மூன்று படி. டீலர் தன் ஆட்களின் மோட்டாரை மட்டும் பார்க்க வேண்டுமானால் காசு கொடுக்கும் புரொஃபெஷனல் பதிப்புக்குப் போக வேண்டும். சொந்த லோகோ, நேர அட்டவணை, அறிக்கைகளும் அங்கேதான்.

யாருக்கு?

சொந்தத் தோட்டத்தில் ஒன்றிரண்டு மோட்டார் வைத்திருப்பவருக்கு இது வீண் செலவு; மொபைல் ஸ்டார்ட்டர் போதும். சில டஜன் பேனல்களை விற்று, சர்வீஸும் தானே பார்க்கும் பட்டறைக்கு இலவசப் பதிப்பு தாராளம். ஆனால் லினக்ஸ் தெரிந்த ஒருவர் கூட இருக்க வேண்டும். பேக்கப்பும் அப்டேட்டும் நம் பொறுப்பு. டீலர் வலை வைத்து விற்பவர்கள், புரொஃபெஷனல் பதிப்பின் விலையையும் கணக்கில் சேர்த்த பிறகே பேனலுக்கு விலை போடுவது நல்லது.