எதிரே ஆளில்லாத ஆட்டம்

1959 அக்டோபர் 2 அன்று அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் 'ட்வைலைட் ஸோன்' தொடர் தொடங்கியது. முதல் கதை 'வேர் இஸ் எவ்ரிபடி?' எழுதியவர் ராட் செர்லிங், இயக்கியவர் ராபர்ட் ஸ்டீவன்ஸ். சுமார் 25 நிமிடக் கதை. அதில் பெரும்பகுதி ஏர்ல் ஹாலிமன் என்ற ஒற்றை நடிகரின் தலையில். பேச்சுக்குப் பேச்சு கொடுக்க எதிரே ஆள் கிடையாது.

பெயர் மறந்துபோன ஒருவன் மண்சாலையில் நடந்து வருகிறான். உணவகத்தில் பாட்டுப்பெட்டி ஓடுகிறது, அடுப்பில் காப்பி கொதிக்கிறது, கல்லாவில் யாருமில்லை. ஊருக்குள் போனால் காவல் நிலையத்தில் சுருட்டு புகைந்துகொண்டிருக்கிறது. அங்கும் யாருமில்லை.

இந்த வெற்றிடத்தை ஹாலிமன் கையாளும் விதத்தைத்தான் ஊன்றிப் பார்க்க வேண்டும். எடுத்த எடுப்பில் அவர் பயப்படுவதில்லை. காலிச் சமையலறையைப் பார்த்து முட்டை கேட்கிறார், சிரிக்கிறார், வம்புக்கு இழுக்கிறார். தொலைபேசிக் கூண்டில்தான் ஆட்டம் திரும்புகிறது. மணி அடிக்கிறது, ஓடிப்போய் எடுக்கிறார், மறுமுனையில் மௌனம். வெளியே வரப் பார்த்தால் கதவு திறக்கவில்லை. தோளால் இடிக்கிறார், பதறுகிறார், கடைசியில் அது உள்பக்கம் இழுக்க வேண்டிய கதவு என்று புரிகிறது. அந்தச் சில நொடிகளில் வசனமே வேண்டியதில்லை; மனம் எங்கே தடுமாறத் தொடங்கியது என்பதைத் தோளும் கைகளும் சொல்லிவிடுகின்றன. அதற்குப் பிறகு அவருடைய நடையின் வேகமே மாறிவிடுகிறது.

குறையும் உண்டு. மனதில் ஓடுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல வைத்திருக்கிறார் செர்லிங். அவன் தனியாக இருக்கிறான் என்று பார்வையாளருக்கு எத்தனை முறைதான் சொல்வது?

திருவனந்தபுரத்துக்காரர்களுக்கு இந்தத் தனி நடிப்பு புதிதல்ல. கேரளத்தின் சமஸ்கிருத நாடகமான கூடியாட்டத்தில் 'நிர்வஹணம்' என்ற பகுதி இருக்கிறது. ஒரே பாத்திரம் மேடையில் தனியாக நின்று, விளக்கும் மிழாவு முரசும் துணையாக, தன் முன்கதையை இரவு இரவாக நடித்துக் காட்டும். 1970-இல் அப்புக்குட்டன் நாயர் இங்கே தொடங்கிய 'மார்கி' அமைப்பு அந்தக் கலையை வளர்த்துவருகிறது. அந்த மேடையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, ஹாலிமனின் கண்ணும் கையும் பேசும் இடங்களில் வாய் பேசியிருக்க வேண்டாமே என்று தோன்றாமல் இருக்காது.

கதையின் முடிச்சு இந்த ஊருக்கு இன்னும் நெருக்கம். அந்த மனிதன் விமானப்படைக்காரன், பெயர் மைக் ஃபெரிஸ். நிலவுப் பயண ஒத்திகைக்காக 484 மணி 36 நிமிடம் தனியறையில் அடைபட்டுக் கிடந்தவன். ஊர் முழுக்க அவன் மனம் கட்டிக்கொண்ட கற்பனை. சாலையைக் கடக்க அவன் அழுத்திக்கொண்டே இருந்தது உண்மையில் அறையின் அபாயப் பொத்தான். ககாரின் விண்ணுக்குப் போக இன்னும் ஒன்றரை ஆண்டு இருந்தபோது, ராக்கெட்டை விட்டுவிட்டு மனிதனின் தனிமையைப் பிடித்தாரே செர்லிங், அது பெரிய காரியம். 2024 பிப்ரவரி 27 அன்று இதே ஊரின் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில் இந்தியாவின் மனித விண்பயணத் திட்டமான ககன்யானுக்குரிய வீரர்கள் நால்வரின் பெயர்கள் அறிவிக்கப்பட்டன. பாலக்காட்டுப் பிரசாந்த் நாயரும் சென்னையில் பிறந்த அஜித் கிருஷ்ணனும் அதில் உண்டு. அவர்களுடைய பயிற்சியைப் பற்றிப் படிக்கும்போது எந்திரங்களை மட்டும் பார்க்காமல், மனதைப் பழக்கும் பாடத்தையும் கவனியுங்கள்.

ஓடிவந்த வேகத்தில் ஃபெரிஸ் கண்ணாடியில் மோதும் காட்சி வரை ஹாலிமனுக்குத் தாராளமாக முழு மதிப்பெண் தரலாம். அதிகாரிகள் வந்து எல்லாவற்றையும் விளக்கும் கடைசி நிமிடங்களுக்குச் செர்லிங்குக்குப் பாதிதான்.